இரவில் தலைக்கு மேலே ‘குவாக்’: வக்காவை அடையாளம் காண்பது எப்படி?

புதுதில்லி: சூரியன் மறைந்து அரை மணி நேரம் கடந்திருக்கும். காகங்கள் அடங்கிவிட்ட, தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய அந்த வேளையில், ஏரியோ ஆறோ அருகிலுள்ள இந்திய நகரங்கள் பலவற்றில் வானிலிருந்து ‘குவாக்’ என்று கரகரப்பான ஒற்றைக் குரல் கேட்கும். சில விநாடிகள் கழித்துச் சற்றுத் தொலைவில் மீண்டும் ஒரு முறை. அண்ணாந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் தென்படுவதில்லை. காகம் வழி தவறிப் பறக்கிறது என்று சிலர் நினைப்பர்; ஆந்தை என்று அஞ்சுவோரும் உண்டு.

காகமும் அன்று, ஆந்தையும் அன்று. பகல் முழுவதும் மரக்கிளையில் உறங்கிவிட்டு, மீன் பிடிக்கப் புறப்பட்டிருக்கும் கொக்கு அது. தமிழில் அதன் பெயர் வக்கா.

காஷ்மீர் முதல் கேரளம் வரை, ராஜஸ்தான் முதல் அசாம் வரை காணப்படும் இந்தப் பறவை அரிய இனம் அன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் ‘குறைந்த கவலைக்குரிய இனம்’ என்ற பிரிவிலேயே இடம்பெற்றுள்ளது. எனினும் ஓர் இக்கட்டு உண்டு. கண்ணில் படாத பறவை கணக்கிலும் வருவதில்லை. அது தங்கும் மரத்தை வெட்ட வருபவருக்கு, மேலே கூடுகள் இருப்பதே தெரிவதில்லை. ஆகவே வக்காவை இனங்காண்பது பறவை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு மட்டும் அன்று. மழைக்காலத்தில் பல நூறு குஞ்சுகளின் உயிர் அதனைப் பொறுத்ததாக அமைந்துவிடுகிறது.

குரலே பெயரானது

வக்கா என்ற தமிழ்ப் பெயர் அதன் குரலிலிருந்து பிறந்தது என்பதை ஒரு முறை கேட்டவர் எளிதில் உணர்வர். இந்தியிலும் அப்படியே, அங்கு அதனை ‘வாக்’ என்கின்றனர். வங்காளத்தில் ‘நிஷி பக்’, அதாவது இரவின் கொக்கு. மலையாளத்தில் ‘பாதிரா கொக்கு’, நள்ளிரவுக் கொக்கு. அறிவியலாளர்கள் வழங்கும் ‘நிக்டிகோராக்ஸ்’ என்னும் பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘இரவுக் காகம்’ என்று பொருள். 1758-இல் இப்பறவையை விவரித்த கார்ல் லின்னேயஸ், இந்தப் பெயரையே அதன் இனப்பெயராக வைத்தார். இருளில் அதன் குரலைக் காகத்தோடு குழப்பிக்கொள்வது நம்மூரில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இதுவே சான்று. ஜப்பானியர் இதனை ‘கோய்-சாகி’ என்பர். அரசன் ஒருவன் இக்கொக்குக்கு அரசவையில் ஐந்தாம் நிலைப் பதவி அளித்தான் என்ற பழங்கதையிலிருந்து வந்த பெயர் அது.

ஆங்கிலச் செய்திகள் தமிழுக்கு வரும்போது இப்பறவை ‘இரவு நாரை’, ‘இராக்கொக்கு’, ‘கருந்தலைக் கொக்கு’ என்று இடத்துக்கு ஓர் உடை அணிகிறது. பிழை என்று தள்ளிவிட இயலாதுதான். ஆயினும் மூன்றே எழுத்துகள் கொண்ட வக்கா என்ற சொல் கையருகே இருக்கும்போது புதுச்சொல் தேட வேண்டிய தேவை ஏதும் இல்லை. பறவையின் குரலையே அது எடுத்துச் சொல்லிவிடுகிறது.

ஒரே பறவைக்கு மூன்று தோற்றங்கள்

வளர்ந்த வக்காவைப் பகலில் ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டால் மறக்க இயலாது. மற்ற கொக்குகளைப் போல ஒல்லியான உடலோ நீண்ட கழுத்தோ இதற்கு இல்லை. தலை தோள்களுக்கிடையே புதைந்தாற்போல் கூன் போட்டு அமர்ந்திருக்கும். உயரம் சுமார் இரண்டடி. உச்சந்தலையும் முதுகும் கருமை. வெயில் பட்டால் அதில் நீலப்பச்சை மினுமினுப்புத் தெரியும். இறக்கைகளும் வாலும் சாம்பல் நிறம். முகத்தின் கீழ்ப்பகுதியும் வயிறும் வெண்மை. அலகு தடித்துக் கறுத்திருக்கும். கால்கள் மஞ்சள்; இணை சேரும் பருவத்தில் மட்டும் அவை இளஞ்சிவப்பாக மாறும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நினைவில் நிற்பது அதன் கண். குருதிச் சிவப்பு. உடலளவோடு ஒப்பிட்டால் பெரியதும்கூட. குறைந்த ஒளியில் வேட்டையாடும் பறவைக்கு அது தேவை. பிடரியிலிருந்து இரண்டு மூன்று வெண்ணிறச் சிறகுகள் நூல்போல் நீண்டு முதுகின்மேல் படிந்திருக்கும். காற்று வீசினால்தான் அவை தனியே எழுந்து தெரியும்.

குழப்பம் தொடங்குவது இளம்பறவையிடம். கூட்டை விட்டு வந்த முதல் ஆண்டில் வக்காவுக்குக் கருந்தொப்பி கிடையாது, சாம்பல் இறக்கையும் கிடையாது. உடல் முழுவதும் பழுப்பு. இறக்கைகளில் மழைத்துளி தெறித்தாற்போல் வெளிறிய புள்ளிகள். மார்பில் நெடுக்குக் கோடுகள். கண்ணும் சிவப்பன்று, மஞ்சள். தாயும் சேயும் ஒரே கிளையில் அடுத்தடுத்து அமர்ந்திருந்தாலும், இரண்டும் ஒரே இனம் என்று புதிதாகப் பார்ப்பவர் நம்பமாட்டார். இரண்டாம் ஆண்டில் புள்ளிகள் மறைந்து, உச்சந்தலை சற்றே இருண்டு, இரண்டுங்கெட்டான் நிலையில் ஒரு தோற்றம் வரும். கண் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கும், பின்னர் சிவப்புக்கும் மாறும். முழு நிறம் கூடி வருவது ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில்தான். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் ஒரே மரத்தில் மூன்று இனங்களைக் கண்டதாகக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது இதனால்தான்.

இளம் வக்காவோடு அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படுவது மடையான் என்னும் குளத்துக் கொக்கு. அமர்ந்திருக்கும்போது இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் மார்பில் கோடுகள். பறக்கும்வரை காத்திருப்பதே இதற்குச் சிறந்த வழி. மடையான் எழுந்த மறுகணம் வெள்ளை வெளேரென்ற இறக்கைகள் விரியும். அதுவரை மண்ணோடு மண்ணாக இருந்தது வெள்ளைப் பறவையாகிவிடும். வக்காவின் இறக்கை விரிந்தாலும் பழுப்பாகவே இருக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் முதுகைப் பார்க்கலாம். வெண்புள்ளிகள் தெளித்திருந்தால் வக்கா.

பச்சைக் கொக்கு என்று ஒன்று உண்டு. அதற்கும் கருந்தொப்பி, அதற்கும் அந்தி வேட்டை. ஆனால் அது வக்காவைவிடத் தெளிவாகச் சிறியது, முதுகு சாம்பல் கலந்த பச்சை, இறக்கைச் சிறகுகளுக்கு வெளிறிய விளிம்பு இருக்கும். பெரும்பாலும் தனியே இருக்கும். குருகுகள் எனப்படும் நாணல் பறவைகள் கோரைப்புல்லை விட்டு வெளியே வருவது குறைவு. நகரத்து ஆலமரத்தில் கூட்டமாகத் தங்குவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் காணப்படும் மலேய இரவுக் கொக்கு அடர்ந்த காட்டு ஓடைகளுக்குரியது. ஏரிக்கரையில் நிற்பவர் அதனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இருளில் நிறம் எதுவும் உதவாது. அப்போது உருவத்தையும் குரலையும் நம்ப வேண்டும். வக்கா கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, அகன்ற வட்டமான இறக்கைகளைச் சீராக அடித்துப் பறக்கும். கால்கள் குட்டையானவை, வாலைத் தாண்டிச் சற்றே நீண்டிருக்கும். அதே நேரத்தில் வானில் செல்லும் பழந்தின்னி வௌவாலின் இறக்கை விளிம்பு வளைந்து கூர்முனைகளோடு தெரியும். அது பறக்கும்போது ‘குவாக்’ என்று கத்துவதும் இல்லை.

இரவு முறைப் பணி

கொக்குகளும் நீர்க்காகங்களும் நாள் முழுவதும் இரைதேடி மாலையில் மரத்துக்குத் திரும்பும்போது, அதே மரத்திலிருந்து வக்காக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பகல் முறை முடித்தவர்களும் இரவு முறைக்குப் போகிறவர்களும் ஆலை வாயிலில் எதிரெதிரே கடந்து செல்வதைப் போன்றது இது.

ஏன் இரவு? ஒரே குளத்தில் ஒரே மீனுக்குப் பல வகைக் கொக்குகள் போட்டியிடுகின்றன. பெரிய கொக்குகளோடு பகலில் மல்லுக்கு நிற்பதைவிட, அவை உறங்கும்போது வேட்டையாடுவது ஆதாயம். வக்காவின் உணவுப் பட்டியலும் நீளமானது: மீன், தவளை, நண்டு, நீர்ப்பூச்சிகள், சிற்றெலி, சில வேளைகளில் பிற பறவைகளின் குஞ்சுகள். நீரோரத்தில் அசையாது நின்று, இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் கொத்தும். தெருவிளக்கின் ஒளி நீரில் விழும் இடத்தைத் தேடிப் போய் நிற்பதும் உண்டு. வெளிச்சத்துக்கு மீன் கூடும் என்பதை அது அறிந்துவைத்திருக்கிறது.

இந்த இரவு வாழ்க்கைக்கு ஒரு விதிவிலக்கு, குஞ்சு பொரித்த காலம். நான்கு வாய்கள் திறந்து காத்திருக்கும்போது இரவு மட்டும் போதாது. பகலிலும் வேட்டைக்குப் போக நேரிடும். ஆகவே நண்பகலில் குளக்கரையில் நிற்கும் வக்காவைக் கண்டால், அது நோயுற்றிருப்பதாக முடிவு செய்துவிடக் கூடாது. அருகில் எங்கோ கூடு இருக்கிறது என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

வக்கா தனியே கூடு கட்டுவதில்லை. பிற கொக்குகள், நீர்க்காகங்கள், நாரைகள் ஆகியவற்றோடு ஒரே மரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு போல வாழும். ராஜஸ்தானின் பரத்பூரில் 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா, மேற்கு வங்கத்தின் ராய்கஞ்சில் உள்ள குலிக் சரணாலயம், ஒடிசாவின் பித்தர்கனிகா சதுப்புநிலக் காடு, கேரளத்தின் குமரகம், கர்நாடகத்தின் ரங்கனதிட்டு என நாடெங்கும் உள்ள பறவைக் குடியிருப்புகளில் வக்காவைக் காணலாம். தமிழகத்தின் வேடந்தாங்கலும் இப்பட்டியலில் உண்டு. சரணாலயம்தான் வேண்டும் என்பதும் இல்லை. தில்லி உயிரியல் பூங்காவின் குளத்து மரங்களில் கூண்டுக்கு வெளியே, தம் விருப்பப்படி வந்து தங்கும் வக்காக்கள் உண்டு. நுழைவுச் சீட்டு வாங்கிப் புலியைப் பார்க்கப் போகிறவர்கள் அவற்றைக் கவனிப்பது குறைவு.

வட இந்தியாவில் பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கூடு கட்டும் காலம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையோடு அது தொடங்குகிறது. ஆண் பறவை குச்சிகளைக் கொண்டுவர, பெண் பறவை அவற்றை அடுக்கும். கூடு என்று சொல்வதே மிகை. கீழிருந்து பார்த்தால் இடைவெளி வழியே வானம் தெரியும். அதில் வெளிறிய நீலப்பச்சை நிறத்தில் மூன்று முதல் ஐந்து முட்டைகள். இரு பறவைகளும் மாறி மாறி அடைகாக்கும். ஏறத்தாழ மூன்றரை வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும். நான்காவது வாரத்தில் அவை கூட்டை விட்டுக் கிளைகளில் ஏறி இறங்கத் தொடங்கும். பறக்க ஆறேழு வாரங்கள் ஆகும். அச்சுறுத்தினால், தின்ற மீனைக் கக்கி வந்தவர் மேல் விழச் செய்வது குஞ்சுகளின் தற்காப்பு. அந்த நாற்றத்தை ஒரு முறை அனுபவித்தவர் மீண்டும் மரத்தருகே போகமாட்டார். அடுத்த கூட்டுக் குஞ்சு தவறி வந்தாலும் வளர்ந்த வக்கா அதைத் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்வதுண்டு.

கிளைகளில் நடை பழகும் அந்த இரண்டு மூன்று வாரங்களே மிகவும் இடர்மிக்கவை. காற்றில் குஞ்சுகள் கீழே விழும். விழுந்த குஞ்சுக்குத் தாய் இறங்கிவந்து இரை ஊட்டுவது பெரும்பாலும் நடப்பதில்லை.

கோடரி வரும் காலம்

இந்தக் காலக் கணக்கை நகரங்களின் நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். மழைக்கு முன்னும் மழையின்போதும்தான் பல நகராட்சிகள் கிளைகளைக் கழிக்கின்றன; முறிந்து விழுந்து உயிரிழப்பு நேரக் கூடாது என்பது நியாயமான அக்கறை. ஆனால் வக்கா முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான்.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்காக மரம் ஒன்று சாய்க்கப்பட்டது. அதில் நீர்ப்பறவைகளின் கூடுகள் இருந்தன. மரம் தரையில் மோதியபோது குஞ்சுகள் சிதறி மாண்ட காணொளி நாடு முழுவதும் பரவியது. வனத்துறை வழக்குப் பதிவு செய்தது. சாலை தேவையா, இல்லையா என்பது அங்கு கேள்வியாகவே எழவில்லை. சில வாரங்கள் பொறுத்திருந்தால் குஞ்சுகள் பறந்துபோயிருக்கும் என்பதுதான் எல்லோரையும் உறுத்தியது.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம், துப்பாக்கியாலோ வலையாலோ கொல்வதோடு நிற்பதில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ இடையூறு செய்வதும் வேட்டையே. மரம் வெட்ட உரிய அலுவலரிடம் அனுமதி பெற்றிருப்பது இதற்கு விடை ஆகாது. மரத்தைக் காக்கும் சட்டம் வேறு, கூட்டைக் காக்கும் சட்டம் வேறு. முன்னதில் ஒப்புதல் கிடைத்ததாலேயே பின்னது தளர்ந்துவிடுவதில்லை.

மரத்தடியில் வசிப்பவர்களின் துயரத்தையும் சொல்லாமல் விட இயலாது. வக்காக் கூட்டம் தங்கும் மரத்தின் கீழே நிறுத்திய வாகனம் காலையில் சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கும். பாதி செரித்த மீனின் வீச்சம் சன்னல் வழியே வரும். ‘இயற்கையை நேசியுங்கள்’ என்று அவர்களிடம் அறிவுரை கூறுவது எளிது. அந்த வீச்சத்தில் உணவருந்துவது எளிதன்று. ஆனால் தொல்லைக்கு ஒரு முடிவு தேதி உண்டு. குஞ்சுகள் பறந்ததும் கூடுகள் காலியாகிவிடும். அதுவரை மரத்தடியில் நிழல்வலை கட்டுவதும், வாகனங்களைத் தள்ளி நிறுத்துவதும் செலவு குறைந்த வழிகள். கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூர் கிராம மக்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றவர்கள்: வீட்டு மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள், நாரைகள் ஆகியவற்றின் எச்சத்தைச் சேகரித்து வயலுக்கு எருவாக்குகின்றனர்.

கீழே விழுந்த குஞ்சைக் காண்பவர்கள் முதலில் தம் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். அச்சத்தில் கொத்தும் வக்காக் குஞ்சு கண்ணை நோக்கியே அலகை வீசும். கனமான துணியைப் போர்த்தி எடுத்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து, வனத்துறைக்கோ அருகிலுள்ள வன உயிரின மீட்பு மையத்துக்கோ தெரிவிக்கலாம். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கினால் உதவியே உயிருக்கு உலையாகிவிடும். காயமின்றி, கிளையைப் பற்றிக்கொள்ளும் வலு இருந்தால், அதே மரத்தின் எட்டும் கிளையில் ஏற்றிவிடுவது போதுமானது.

எண்ணுவதற்கு அரை மணி நேரம்

ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடந்துவருகிறது. தன்னார்வலர்கள் நீர்நிலைகளுக்குச் சென்று கண்ணில் படும் பறவைகளை எண்ணுகின்றனர். அவர்கள் செல்வதோ பகலில். அந்நேரத்தில் வக்கா நீர்நிலையில் இருப்பதில்லை. ஏதோ ஒரு மரத்தின் இலைச் செறிவுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு குளத்தை நம்பி வாழும் வக்காக்கள் அக்குளத்தின் பதிவேட்டில் முழுமையாக இடம்பெறுவதில்லை. பின்னாளில் ஒரு குளத்தைத் தூர்க்கவோ, கரை மரத்தை அகற்றவோ திட்டம் வரும்போது அதிகாரிகள் புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவேட்டையே.

இக்குறையை ஈடுசெய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மரம் எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. தரையில் வெள்ளைத் தீற்றல்கள், சிந்திய மீன் துண்டுகள், பகலிலும் இலைகளுக்குள்ளிருந்து வரும் தொண்டை செருமல் போன்ற ஒலி ஆகியவை மரத்தைக் காட்டிக்கொடுக்கும். பின்னர் ஒரு மாலையில், சூரியன் மறையும் நேரத்தில் சற்றுத் தள்ளி, வானம் பின்னணியாக அமையும்படி நின்றால் போதும். வக்காக்கள் ஒரே மொத்தமாகக் கிளம்புவதில்லை. ஒன்று, சற்று இடைவெளி, பின்னர் இரண்டு என்று புறப்படும். அடுத்த அரை மணி நேரத்துக்கு வெளியேறுபவற்றை மட்டும் எண்ணி, திரும்பி வரும் கொக்குகளை விட்டுவிட வேண்டும். மின்விளக்கு பாய்ச்சினால் கூட்டம் கலைந்துவிடும், எண்ணிக்கையும் கெடும்.

தேதி, நேரம், மரத்தின் வகை, எண்ணிக்கை, கூடுகள் தெரிகின்றனவா என்ற ஐந்து விவரங்களை ‘ஈபேர்ட்’ செயலியில் பதிவிடலாம். பறவையைக் காணாமல் குரலை மட்டும் கேட்டிருந்தாலும் அதையும் குறிப்பிட்டுப் பதியலாம். கூடுகள் இருந்தால், ஒளிப்படத்துடன் மாவட்ட வன அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் ஒரு கடிதம் அனுப்பி, ஒப்புகையைப் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. மழைக்கு முந்தைய கிளை கழிப்புக்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன்னரே அது அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.